சொட்டு நீருக்கு ஓர் ஆள்

அன்புச் சாமிக்கு,

இந்தக் கடிதத்தை உன் அம்மாவின் பெட்டியில், பருப்புப் பொடிக்கும் குழந்தைக்கென்று துவைத்து மடித்த பழைய வேட்டித் துணிகளுக்கும் நடுவில் வைத்து அனுப்புகிறேன். அவளுக்குத் தெரிந்துதான் வைக்கிறேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீ இதைப் படிக்கும்போது அவள் உன் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு, ஜெர்மனித் தக்காளியில் புளிப்பே இல்லை என்று குறை சொல்லிக்கொண்டிருப்பாள். ஆகையால் அவள் நலத்தை நான் எழுத வேண்டியதில்லை. இங்கே நான் நலம். கத்தரிச் செடிகள் நலம். வெண்டையில் மட்டும் கொஞ்சம் மாவுப்பூச்சி.

போனில் பேசி முடிக்கிற விஷயத்துக்குக் கடிதமா என்று நீ சிரிப்பாய். போனில் நான் பேசினால் நாலு வார்த்தையில் முடிந்துவிடும் என்பது உனக்கே தெரியும். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டியில் காலம் தள்ளியவன் நான். கம்ப்ரசர் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, என் பேச்சு முழுக்க 'ராடை இறக்கு', 'நிறுத்து', 'பார்த்து' என்கிற அளவில் நின்றுபோனது. எழுத உட்கார்ந்தால்தான் எனக்குக் கொஞ்சம் நிதானம் வருகிறது. தவிர, இது உன் அம்மாவைப் பற்றியது. அவள் பக்கத்தில் இருக்கும்போது பேச முடியாது, அவள் பக்கத்தில் இல்லாத நேரம் என்று இந்த வீட்டில் ஒன்று கிடைப்பதே அபூர்வம்.

போன மாதம் அவள் "நான் வரலை சாமி, தோட்டத்தப் போட்டுட்டு வர முடியாது" என்று சொன்னபோது நீ அழுதாய். "பெத்த பொண்ணவிட அந்தக் கத்தரிக்கா பெருசா போச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தாய். பிறகு அவள் வருகிறேன் என்று சொல்லி, டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. ஆனாலும் அந்தக் கேள்வி உன் மனதில் இன்னும் கிடக்கிறது என்று உன் குரலிலேயே தெரிகிறது. அதை நீ அவளிடம் கேட்டால் அவள் பதில் சொல்ல மாட்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று செடியின் மேலேயே பழியைப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். அதனால் நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன்.

முறைப்படி பார்த்தால் நாங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்து, உன்னைப் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வந்திருக்க வேண்டும். நீ விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மாவோ முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருக்கிறார். சரி, மகள் வர முடியாவிட்டால் தாய் போகட்டும் என்று முடிவாயிற்று. விசாவுக்குச் சென்னை போய் வந்த அன்றைக்கு உன் அம்மாவைப் பார்த்திருக்க வேண்டும். புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து எதிரே வந்த அத்தனை பேரிடமும் விரல் ரேகை எடுத்த கதையைச் சொன்னாள். வீட்டுக்கு வந்து தோட்டத்தைப் பார்த்ததும்தான் முகம் மாறியது. பங்குனி வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது. சித்திரை முழுக்க அவள் இருக்க மாட்டாள். "இதுக்கெல்லாம் ஆரு தண்ணி உடுவாங்க?" என்றாள். "நான் எதுக்கு இருக்கறேன்?" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை. நான் ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு செடியாக நிற்கிற ஆள் இல்லை என்று அவள் நினைப்பதாக எடுத்துக்கொண்டேன். அதுவும் உண்மைதானே.

அப்படித்தான் சொட்டு நீர் போடுகிற யோசனை வந்தது. டப்பாவில் வரும் ரெடிமேட் செட்டை வாங்கி அனுப்புகிறேன் என்று நீ சொன்னாய். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எத்தனையோ ஊரில் பாறையைப் பிளந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்துக்குத் தண்ணீர் விட டப்பா வாங்குவதா? காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் ஸ்கேல் வைத்துத் தோட்டத்தை வரைந்தேன். ஓரமாக ஒரு மெயின் பைப்பு, அதிலிருந்து நேர்நேராகச் சிறு குழாய்கள், குழாய்க்குக் குழாய் ஒரே இடைவெளியில் சொட்டுவான்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. உன் அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதென்னுங்க, கோடு கோடா? என்ற செடியெல்லாம் பள்ளிக்கூடத்துப் புள்ளைகளா, வரிசையில நிக்கறதுக்கு?" என்றாள். வெளியே வந்து பார்த்தால், அவள் சொன்னது சரி. கத்தரி ஒரு பக்கம் வளைந்து போகிறது, மல்லிகை மூலைக்கு மூலை நிற்கிறது, எலுமிச்சை யாரையும் கேட்காமல் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சரி, நாலு செடியைப் பிடுங்கி வரிசையில் வைத்துவிடலாம் என்றேன். "செடியப் பாத்துப் பைப்பு போடுங்க. பைப்பப் பாத்துச் செடிய நவுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காலண்டர் தாளை மடித்து வைத்துவிட்டு, அவளையே கூட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றினேன். சொட்டுவான் வர வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு கல் வைப்பது என் வேலை. எங்கே வைப்பது என்று சொல்வது அவள் வேலை. முருங்கைக்கு நான் கல் வைக்கப் போனேன், வேண்டாம் என்றாள். முருங்கைக்குத் தண்ணீர் அதிகமானால் இலைதான் தழைக்கும், காய் பிடிக்காதாம். வாழைக்குப் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிறது, அதற்கும் வேண்டாம். எலுமிச்சைக்குத் தண்டை ஒட்டி வைத்தேன், எடுத்து நிழல் விழுகிற ஓரத்தில் வைத்தாள். வேர் அங்கேதான் வாயைத் திறந்து வைத்திருக்கிறதாம், தண்டில் ஊற்றினால் அழுகல்தான் வரும் என்றாள். கத்தரிக்குச் செடிக்கு ஒன்று. பீர்க்கம் பந்தலுக்கு அடிக்கு ரெண்டு. கீரைப் பாத்திக்குச் சொட்டு நீரே ஆகாது, பூவாளியில் தூவத்தான் வேண்டும். கல் வைத்துக்கொண்டே வரும்போது ஒன்று உறைத்தது. அத்தனை காலம் எனக்குத் தோட்டம் என்றால் வீட்டுக்குப் பின்னால் பச்சையாக இருக்கிற ஓர் இடம், அவ்வளவுதான். அதில் எது எவ்வளவு குடிக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் இரண்டு பேரைப் பற்றியும் எனக்கு அதே அளவுதான் தெரிந்திருந்தது என்று தோன்றியதும் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பிறகு நாமக்கல் போய்ப் பைப்பு, வாசர், முனைக்குப் போடும் மூடி, சொட்டுவான் எல்லாம் வாங்கி வந்து நானே மாட்டினேன். இங்கேதான் ஆனைக்கு அடி சறுக்கியது. தண்ணீர் என்றால் எனக்கு வேகம்தான் நினைவுக்கு வரும். ஆழத்திலிருந்து பீய்ச்சிக்கொண்டு வந்து, நிற்கிற அத்தனை பேரையும் நனைத்தால்தான் எங்கள் தொழிலில் அது தண்ணீர். அதனால் யோசிக்காமல் போர் மோட்டாரிலிருந்தே நேராக இணைப்புக் கொடுத்தேன். சுவிட்சைப் போட்ட மறு நிமிடம் சொட்டுவான்கள் ஒவ்வொன்றாகப் பட்பட்டென்று தெறித்தன. ஒன்று என் கண்ணாடியில் அடித்தது. மெயின் பைப்பு பாம்பு போலத் தூக்கிப் போட்டு, பந்தலில் பூத்திருந்த பீர்க்கம் பூவையெல்லாம் உதிர்த்துவிட்டது. உன் அம்மா ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினாள். நான் தலையிலிருந்து கால்வரை சேறாக நின்றேன். "ஏனுங்க, செடிக்குத் தண்ணி உடச் சொன்னா போர் ஓட்டறீங்களே!" என்று சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

சிறு துளி பெரு வெள்ளம் என்று எல்லாரும் சொல்வார்கள். பெரு வெள்ளத்தைச் சிறு துளியாக்குவதுதான் கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மோட்டாரை மாடித் தொட்டிக்குத் திருப்பி, தொட்டியிலிருந்து தானாக இறங்கி வருகிற வேகத்தையே பயன்படுத்தினேன். முதலில் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த செடி நன்றாகக் குடித்தது, கடைசிச் செடிக்குச் சொட்டே போகவில்லை. வீட்டில் இருந்த அத்தனை டம்ளரையும் எடுத்துப் போய்ச் சொட்டுவான்களுக்கு அடியில் வைத்து, எதில் எவ்வளவு நிறைகிறது என்று பார்த்தேன். காபி குடிக்க டம்ளர் இல்லாமல் உன் அம்மா சொம்பில் குடித்தாள். மெயின் பைப்பைத் தோட்டத்தின் நடுவுக்கு மாற்றி, இரு பக்கமும் குழாயைக் குட்டையாக விட்டதும் டம்ளர்கள் ஏறக்குறைய ஒரே அளவில் நிறைந்தன. அடுத்தது உப்பு. நம் போர்த் தண்ணீர் எப்படி என்று உனக்குத் தெரியும், அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிற அந்த உப்பு சொட்டுவானையும் அடைத்துவிடும். அதற்கு ஒரு வடிகட்டி போட்டேன். வாரத்துக்கு ஒரு முறை குழாய் முனைகளைத் திறந்து விட்டு அழுக்கை ஓடவிட வேண்டும். அடைத்ததைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டால் திறந்துகொள்ளும். இதையெல்லாம் இவ்வளவு விவரமாக ஏன் எழுதுகிறேன் என்றால், உன் பால்கனியில் நாளைக்கு நீயும் போடுவாய். போடும்போது என் மாதிரி வேகத்தை நம்பாதே. நீயும் என் ரத்தம்தான், எதையும் ஒரே நாளில் ஊற்றி முடித்துவிடப் பார்ப்பாய். குழந்தையிடம் அது நடக்காது.

எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியதும் நான் சும்மா இருந்திருக்கலாம். நன்றாக இருந்த காரியத்துக்கு மேல் ஒரு மெருகு ஏற்றப் போனேன். குறைந்த வேகத்திலும் வேலை செய்கிற, பேட்டரியில் ஓடும் டைமர் ஒன்றை வாங்கிவந்து தொட்டிக் குழாயில் மாட்டினேன். விடிகாலையில் தானே திறந்துகொள்ளும், தானே மூடிக்கொள்ளும். உனக்கு வீடியோவில் காட்டினேனே, நினைவிருக்கிறதா? "ஆளே வேண்டாம் சாமி! ஊட்டப் பூட்டிட்டுப் போனாலும் அதுபாட்டுக்கு ஓடும்!" என்றேன். நீ கைதட்டினாய். உன் அம்மா என் பின்னால் முறத்தில் மிளகாயோடு நின்றாள். படத்தில் அவளும் தெரிந்திருப்பாள். முறத்தோடு அப்படியே உள்ளே போய்விட்டாள். மறுநாள் பார்த்தால், பெட்டியில் அடுக்கியிருந்த சேலைகளெல்லாம் பீரோவுக்குத் திரும்பியிருந்தன. அன்றைக்குத்தான் அவள் உனக்கு போன் செய்து வரவில்லை என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவளிடம், செடிக்காகப் போக முடியாது என்றாய், செடிக்கு ஏற்பாடு செய்து கொடுத்தாயிற்று, இன்னும் என்ன என்று கத்தினேன். கத்தினால் உன் அம்மா எதிர்த்துப் பேச மாட்டாள், வேலையை அதிகமாக்கிக்கொள்வாள். அன்றைக்கு நம் வீட்டில் விளக்காத பாத்திரம் ஒன்று மிச்சமில்லை. சில நாள் அப்படியே போனது. ஒரு காலை நான் வடிகட்டியைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள். டைமரைக் காட்டினாள்.

"இந்தப் பொட்டி நீங்க ஊட்ல இருக்கறதுக்குங்ளா, ஊட்ட உட்டுட்டுப் போறதுக்குங்ளா?"

அவள் கேட்டது காரணத்தோடுதான். ஏனென்றால் டைமர் வாங்கிய வாரம்தான் திருச்செங்கோட்டிலிருந்து பழைய முதலாளி போன் செய்திருந்தார். நான் வேலையை விட்ட பிறகும் அவர் வருசத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிடுவதும், பத்து நாள் என்று போன நான் இரண்டு மாதம் கழித்து வருவதும் உனக்குத் தெரிந்த கதைதான். இந்தத் தடவை மத்தியப் பிரதேசத்தில் புது வண்டி இறக்குகிறார்கள், ஒரு மாதம் மட்டும் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் "பாக்கலாங்க" என்றேன். உன் அம்மா அப்போது அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் முதலாளியிடம் 'பாக்கலாங்க' என்று சொன்னால், மூன்றாம் நாள் என் பை வாசலில் இருக்கும் என்பது கல்யாணமான காலத்திலிருந்து அவள் கண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், டைமரை வாங்கும்போது நான் அதை நினைத்து வாங்கவில்லை. ஆனால் மாட்டி முடித்த பிறகு, இனிமேல் போனாலும் போகலாம் போல என்று ஒரு நினைப்பு ஓடியது. அவள் அதைத்தான் பார்த்துவிட்டாள்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு அப்படிப் போன இடத்தில் வெயில் தாங்காமல் வண்டிக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டேன். கூட இருந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பிழைத்துக்கொண்டேன். உன் அம்மாவுக்குச் செய்தி சொன்னதே நான் எழுந்து உட்கார்ந்த பிறகுதான். நீ பயப்படுவாய் என்று உன்னிடம் மறைத்தோம். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பயம் இருந்திருக்கிறது, நான் அதைக் கவனிக்கவில்லை. குழாயடியில் நின்றுகொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"செடி காஞ்சா மறுக்கா வெச்சுக்கலாமுங்க. நீங்க எந்தக் காட்டுல உழுந்து கெடக்கறீங்களோன்னு தெரியாம, நான் அத்தாந்தூரம் போயி எப்படிங்க அவளுக்குப் பத்தியஞ் சமைச்சுப் போடுவேன்? ஒரு புள்ளையப் பாக்கப் போயி, இங்க ஒருத்தரத் தொலைச்சுட்டு நிக்கோணுமுங்ளா?"

சாமி, உன் அம்மா செடியைப் பெரிதாக நினைத்து வராமல் இருக்கவில்லை. உனக்கும் எனக்கும் நடுவில் அவளை நான் நிறுத்திவைத்திருந்தேன். உன் பக்கம் அவள் வர வேண்டுமானால் என் பக்கம் ஓர் உறுதி வேண்டியிருந்தது, அதை நான் கொடுக்கவில்லை. கொடுக்காததோடு நிற்காமல், ஆளே வேண்டாம் என்று பெருமையடித்து உன்னைக் கைதட்டவும் வைத்தேன். இது முழுக்க என் தப்பு. அவள் மேல் இருக்கிற வருத்தத்தைத் தயவுசெய்து என் மேல் திருப்பிக்கொள்.

அப்போதே, அவள் காதில் விழும்படி முதலாளிக்கு போன் போட்டேன். "வர முடியாதுங்க, பொண்ணுக்குப் பிரசவம்" என்றேன். "பிரசவம் பொண்ணுக்குங்ளா, உங்களுக்குங்ளா?" என்று அவர் சிரித்தார். "ரெண்டு பேருத்துக்குமுன்னே வெச்சுக்குங்க" என்றேன். உன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு ஸ்பேனரை எடுத்துவந்து டைமரைக் கழற்றினேன். அந்த இடத்தில் கையால் திருப்புகிற சாதாரண வால்வு ஒன்றைப் போட்டேன். காலையில் ஒருவர் வந்து திறந்தால்தான் தண்ணீர் போகும். அவரே இருந்து மூடினால்தான் தொட்டி காலியாகாமல் இருக்கும். இத்தனை யோசித்துச் செய்த ஏற்பாட்டை நானே பின்னுக்குத் தள்ளிவிட்டேன். பார்க்கிறவர்கள் பைத்தியக்காரத்தனம் என்பார்கள், எனக்கு அது சரியாகப் பட்டது.

உன் அம்மா அதோடு நம்பிவிடுவாள் என்று நினைத்தாயா? தங்கச்சியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஓமலூர் கிளம்பினாள். சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்கே வந்து இறங்கிவிட்டாள். கேட்டைத் திறக்கிற சத்தமே இல்லாமல் பின்பக்கமாக வந்திருக்கிறாள். நான் வால்வைத் திறந்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கத்தரிக்குப் போகிற சொட்டுவானில் அடைத்த உப்பை ஊசியால் குத்திக்கொண்டிருந்தேன். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தேன். "சோதிக்க வந்தியா?" என்றேன். "ஆமாங்க" என்றாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல். தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். பீர்க்கம் பந்தலுக்கு அடியில் மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள். கீரைப் பாத்தி மட்டும் வாடியிருந்தது, பூவாளியை நான் மறந்திருந்தேன். அதற்கு ஒரு திட்டு வாங்கினேன். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வந்து, "புள்ளைக்குப் போனப் போட்டு டிக்கெட்டு எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

இனி உனக்கு ஒரு வார்த்தை. போன வாரம் பேசும்போது நீ குழந்தைக்காகச் செய்துவைத்திருக்கிற ஏற்பாடுகளையெல்லாம் வரிசையாகச் சொன்னாய். தொட்டிலில் கேமரா, தானாகப் பால் சூடாக்குகிற கருவி, வேலைக்கு ஆள், எல்லாம். "அவருக்குப் புது புராஜெக்டுப்பா, அவரத் தொந்தரவு பண்ணாத மாதிரி எல்லாத்தையும் நானே பார்த்துட்டேன்" என்று பெருமையாகச் சொன்னாய். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன். உன் அம்மாவும் அப்படித்தான். உன் காய்ச்சல், பள்ளிக்கூடம், பருவம், கல்லூரி எல்லாவற்றையும் என்னைத் தொந்தரவு பண்ணாத மாதிரியே பார்த்துக்கொண்டாள். அவள் கெட்டிக்காரத்தனம்தான் நான் நிம்மதியாக ஊர் ஊராகத் திரிய வழி பண்ணியது. நான் இல்லாவிட்டாலும் ஓடுகிற வீட்டில் நான் எதற்கு என்று எனக்கே பல தடவை தோன்றியிருக்கிறது. லீவுக்கு வந்தால் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பேன், இரண்டு வாரத்தில் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். சம்பாத்தியத்துக்குப் போனேன் என்பது பாதி உண்மை. வீட்டில் எனக்கு வேலை இல்லாததால் போனேன் என்பதும் உண்மை.

மாப்பிள்ளை நல்லவர், என்னைப் போல ஓடுகிற ஆள் இல்லை. ஆனாலும் அவருக்கென்று ஒரு வால்வை விட்டுவை. இராத்திரி பால் சூடாக்குவதோ, குளிக்க வைப்பதோ, எதுவோ ஒன்று. அவர் வந்தால்தான் நடக்கும், வராவிட்டால் நின்றுபோகும் என்கிற மாதிரி ஒன்று. முதலில் தப்பாகத்தான் செய்வார். கீரைப் பாத்தியை மறக்கிற மாதிரி எதையாவது மறப்பார். நீ ஓடிப்போய் வாங்கிச் செய்யாதே. திட்டு, ஆனால் அவர் கையிலிருந்து பிடுங்காதே. தொந்தரவு பண்ணாமல் இருப்பது மரியாதை என்று நீ நினைக்கிறாய். ஒரு மனுஷனை வீட்டுக்கு வெளியே நிறுத்த அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

நாளைக்கு உன் அம்மாவைப் பெங்களூரில் விமானம் ஏற்றிவிடப் போகிறேன். இத்தனை வருசமும் நான் பை தூக்கிக்கொண்டு போவேன், அவள் வாசல் கேட்டருகில் நிற்பாள். முதல் முறையாக அவள் போகிறாள், நான் நிற்கப் போகிறேன். கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன், உப்புதான் கைக்கு அடங்கவில்லை. அங்கே குளிர் என்றால் காலுறை போடச் சொல், அவள் வேண்டாம் என்பாள், விடாதே. விமானத்தில் சாப்பிட்டிருக்க மாட்டாள், வந்ததும் முதலில் சோறு போடு. அவளைப் பார்த்துக்கொள், அவள் உன்னைப் பார்த்துக்கொள்வாள்.

நீ பிறந்த அன்றைக்கு நான் ஒடிசாவில் ஒரு காட்டில் வண்டியோடு நின்றேன். உன் குழந்தை பிறக்கும்போதும் நான் உன் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. ஆனால் அன்றைக்கு நான் இல்லாததால் உன் அம்மா தனியாகக் கிடந்தாள். இப்போது நான் இங்கே இருப்பதால் நீ தனியாக இருக்க மாட்டாய். நீ பேசப் பழகிய நாளிலிருந்து, போனைக் கையில் வாங்கியதும் "எங்க இருக்கறீங்கப்பா?" என்றுதான் கேட்பாய். நான் ஏதோ ஓர் ஊர்ப் பெயரைச் சொல்வேன். அது எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியாது, சரி என்று சொல்லி அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவாய். வளர்ந்த பிறகு அதைக் கேட்பதையே விட்டுவிட்டாய். குழந்தை பிறந்ததும் எந்த நேரமானாலும் நீயே என்னைக் கூப்பிடு. கூப்பிட்டு அந்தக் கேள்வியை ஒரே ஒரு தடவை மறுபடி கேள்.

ஊட்லதான் இருக்கறேன் சாமி.

உன் அப்பா